கல்யாணத்துக்கு விலை ஒரு கையெழுத்து: ஹோசே ரிசாலின் வாழ்க்கையும் கத்தோலிக்கத் திருமண விதிகளும்

பிலிப்பைன்ஸில் எந்த ஊருக்குப் போனாலும் ஹோசே ரிசாலின் சிலை இருக்கும். ஒரு பெசோ நாணயத்திலும் அவர் முகம்தான். அவர் இறந்த டிசம்பர் 30 அங்கே தேசிய விடுமுறை. கண் மருத்துவர், நாவலாசிரியர், ஸ்பெயின் ஆட்சியை எழுத்தால் ஆட்டிவைத்தவர், 35 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டவர். இவ்வளவு பிரபலமான ஒருவரைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் 125 ஆண்டுகள் தாண்டியும் முடிவாகவில்லை. அவருக்குக் கல்யாணம் ஆனதா, இல்லையா?

கேட்கும்போது கிசுகிசு மாதிரி இருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால், ரிசால் கடைசியில் தன் கொள்கையைக் கைவிட்டாரா என்ற பெரிய கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். காரணம், கத்தோலிக்கத் திருச்சபையின் மூன்று விதிகள்.

அந்த மூன்று விதிகள் என்ன?

முதல் விதி, கல்யாணம். 1563ல் டிரென்ட் பொதுச்சங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பங்குச் சாமியார் அல்லது அவர் அனுமதி பெற்ற வேறொரு குரு முன்னிலையில், குறைந்தது இரண்டு சாட்சிகளோடு நடந்தால்தான் கத்தோலிக்கரின் கல்யாணம் செல்லும். இல்லையென்றால் அது கல்யாணமே இல்லை. ஆணும் பெண்ணும் மனமொத்து ஆயிரம் சத்தியம் செய்திருந்தாலும் சரி, திருச்சபையின் கணக்கில் அவர்கள் சேர்ந்து வாழ்கிறவர்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, பாவசங்கீர்த்தனம். குருவிடம் போய்ப் பாவங்களைச் சொன்னால் மட்டும் மன்னிப்பு கிடைத்துவிடாது. உண்மையான மனஸ்தாபம் வேண்டும். இனி அதைச் செய்வதில்லை என்ற உறுதியும் வேண்டும். கோயில் கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழ்பவர் அதைத் தொடரப் போகிறார் என்றால், அந்த உறுதி இல்லை என்று குரு சொல்வார். பாவமன்னிப்பு கிடைக்காது.

மூன்றாவது, நற்கருணை. சாவான பாவத்தோடு இருப்பவர் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நற்கருணை வாங்கக் கூடாது.

மூன்றும் சங்கிலி மாதிரி. ஒரு கண்ணி அறுந்தால் மற்ற இரண்டும் சேர்ந்தே போய்விடும். ரிசாலின் வாழ்க்கையில் இந்தச் சங்கிலி ஒரு முறை அல்ல, பல முறை குறுக்கே வந்தது.

கலம்பாவிலிருந்து ஐரோப்பாவுக்கு

1861 ஜூன் 19 அன்று மணிலாவுக்குத் தெற்கே உள்ள கலம்பாவில் ரிசால் பிறந்தார். வசதியான, பக்தியுள்ள குடும்பம். ஆனால் பயிர் வைத்த நிலம் சொந்தம் அல்ல. டொமினிக்கன் சபைத் துறவிகளின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். அன்றைய பிலிப்பைன்ஸில் இது சாதாரணம். சாமியாரே நிலச்சுவான்தார், சாமியாரே பள்ளிக்கூட மேற்பார்வையாளர், ஊரில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று அரசுக்குச் சொல்பவரும் அவரே.

மணிலாவில் இயேசு சபையினர் நடத்திய அதெனேயோ பள்ளியில் ரிசால் படித்தார். முதல் வரிசை மாணவர். அங்கிருந்த குருக்கள் மீது கடைசி வரை அவருக்கு மரியாதை இருந்தது. 1882ல் ஸ்பெயின் போனார். மாட்ரிட்டில் மருத்துவம், பிறகு பாரிஸிலும் ஹைடல்பெர்க்கிலும் கண் மருத்துவப் பயிற்சி. ஐரோப்பாவில் இருந்த காலத்தில் ஃப்ரீமேசன் என்ற சகோதர அமைப்பில் சேர்ந்தார். 1738லேயே போப்பாண்டவர் தடை செய்த அமைப்பு அது. அதில் சேரும் கத்தோலிக்கர், யாரும் தீர்ப்பு எழுதாமலே திருச்சபைக்கு வெளியே தள்ளப்பட்டவர் ஆகிவிடுவார்.

1887ல் பெர்லினில் அவருடைய முதல் நாவல் 'நோலி மே தாங்கெரே' அச்சானது. துறவிகளின் அதிகாரத்தையும் பாசாங்கையும் கிழித்துக் காட்டிய கதை. 1891ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் இரண்டாவது நாவல் 'எல் பிலிபுஸ்தெரிஸ்மோ' வந்தது. மணிலாவில் இந்தப் புத்தகங்கள் கையில் இருந்தாலே ஆபத்து என்ற நிலை.

அக்கா கணவருக்குக் கிடைக்காத ஆறடி

விதி எவ்வளவு தூரம் போகும் என்பதை ரிசால் தன் வீட்டிலேயே பார்த்தார். 1889ல் அவருடைய அக்கா லூசியாவின் கணவர் மரியானோ எர்போசா காலராவில் இறந்தார். கோயில் கல்லறையில் இடம் மறுக்கப்பட்டது. சொன்ன காரணம், கல்யாணத்துக்குப் பிறகு அவர் பாவசங்கீர்த்தனமே செய்யவில்லை என்பது. உடலை ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் புதைத்தார்கள்.

இதற்கும் சட்டம் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்கா காலத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்று 1215ல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. தவறியவருக்குக் கிறிஸ்தவ அடக்கம் மறுக்கலாம் என்றும் அதில் இருந்தது. ஆனால் ஊரில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாதவர் எர்போசா ஒருவர் மட்டுமா? ரிசாலின் மைத்துனர் என்பதற்காகத்தான் சட்டப் புத்தகம் திறக்கப்பட்டது என்று ரிசால் நம்பினார். ஸ்பெயினிலிருந்து வந்த 'லா சோலிடாரிடாட்' பத்திரிகையில் இதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார்.

காதலுக்காக மதம் மாற மறுத்தவர்

ஃப்ரீமேசன், துறவிகளைத் திட்டுபவர். அப்போ மதமே வேண்டாம் என்றவரா? இல்லை. 1891ல் பிரான்ஸின் பியாரிட்ஸ் ஊரில் நெல்லி பூஸ்டெட் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்ய ரிசால் விரும்பினார். நெல்லி தீவிரமான புரொட்டஸ்டன்ட். ரிசாலும் தன் சபைக்கு வர வேண்டும் என்று எதிர்பார்த்தார். ரிசால் மறுத்துவிட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்காக நம்பிக்கையை மாற்றிக்கொள் என்று அவரிடம் கேட்டது கத்தோலிக்கத் திருச்சபை மட்டும் அல்ல. முதல் தடவை அவர் என்ன செய்தார் என்பது தெரியும். இரண்டாம் தடவை என்ன செய்தார் என்பதில்தான் சண்டை.

டாபிடான்: தங்க இடம் வேண்டுமா, பாவசங்கீர்த்தனம் செய்

1892ல் ரிசால் நாடு திரும்பினார். சில நாட்களிலேயே கைதாகி, மிண்டனாவோ தீவின் டாபிடான் என்ற சிற்றூருக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே இயேசு சபைக் குருக்களின் வீட்டில் தங்கலாம் என்று சொன்னார்கள். ஆனால் நிபந்தனை இருந்தது. மதத்தைப் பற்றிச் சொன்ன தவறான கருத்துகளைப் பகிரங்கமாகத் திரும்பப் பெற வேண்டும், முழுப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், ஸ்பெயினுக்கு விசுவாசமாக இருக்க வேண்டும். ரிசால் ஒப்புக்கொள்ளவில்லை. ராணுவ அதிகாரியின் வீட்டில் தங்கினார்.

அதே ஆண்டு லாட்டரியில் அவர் பங்காக 6,200 பெசோ விழுந்தது. அதை வைத்து தலிசாய் கடற்கரையில் நிலம் வாங்கி வீடு கட்டினார். ஏழைகளுக்கு இலவச வைத்தியம், பையன்களுக்குப் பள்ளிக்கூடம், ஊருக்குக் குடிநீர்க் குழாய் என்று நான்கு ஆண்டுகள் ஓடின. நடுவில் தன் பழைய வழிகாட்டியான பாப்லோ பாஸ்தெல்ஸ் என்ற இயேசு சபைக் குருவோடு நீண்ட கடித விவாதம் நடத்தினார். கடவுளை ரிசால் மறுக்கவே இல்லை. கடவுளின் விருப்பம் இதுதான் என்று சொல்லும் உரிமை ஒரு அமைப்புக்கு மட்டுமே சொந்தம் என்பதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. இருவரும் பிடித்த பிடியை விடவில்லை.

ஜோசபின் வந்தார்

1895 பிப்ரவரியில் ஹாங்காங்கிலிருந்து ஜார்ஜ் டாஃபர் என்ற பார்வை இழந்த முதியவர் ரிசாலைத் தேடி டாபிடான் வந்தார். கூட வந்தவர் அவருடைய வளர்ப்பு மகள் ஜோசபின் பிராக்கன். ஹாங்காங்கில் அயர்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர், வயது 18. டாஃபரின் கண்ணைக் குணமாக்க முடியவில்லை. ஆனால் ரிசாலும் ஜோசபினும் கல்யாணம் செய்ய முடிவெடுத்தார்கள்.

ஊர்ச் சாமியார் அந்தோனியோ ஓபாக்கிடம் போனார்கள். செபு ஆயரின் அனுமதி இல்லாமல் முடியாது என்றார் அவர். அனுமதிக்கு விலை, ரிசால் தன் கருத்துகளைத் திரும்பப் பெற்று ஒரு அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். கல்யாணம் நடக்கவில்லை.

இன்று என்றால் நேராக ரிஜிஸ்டர் ஆபீஸ் போயிருப்பார்கள். ஆனால் ஸ்பெயின் ஆண்ட பிலிப்பைன்ஸில் கத்தோலிக்கருக்கு அந்த வழியே கிடையாது. ஸ்பெயினின் சிவில் சட்டம் 1889ல் அங்கே வந்தபோது, திருமணம் பற்றிய பகுதியை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அரசுப் பதிவுத் திருமணத்துக்கான சட்டம் அமெரிக்கர்கள் வந்த பிறகு, 1899ல்தான் வந்தது. கோயில் கதவு மூடினால் வேறு கதவு இல்லை.

இருவரும் சேர்ந்தே வாழ்ந்தார்கள். ரிசாலின் வீட்டில் சிலருக்கு இது பிடிக்கவில்லை; ஜோசபின் உளவாளியாக இருப்பாரோ என்ற சந்தேகமும் இருந்தது. அவர்களுக்கு ஒரு ஆண் குழந்தை குறைமாதத்தில் பிறந்து, பிழைக்காமல் போனது. ரிசால் தன் அப்பாவின் பெயரான பிரான்சிஸ்கோ என்று அதற்குப் பெயர் வைத்தார்.

கடைசி இரவில் நடந்தது என்ன?

1896 ஜூலை கடைசியில், கியூபாவில் ராணுவ மருத்துவராகப் பணியாற்ற அனுமதி வாங்கி ரிசால் டாபிடானை விட்டுக் கிளம்பினார். ஆகஸ்டில் பிலிப்பைன்ஸில் புரட்சி வெடித்தது. வழியிலேயே கைது செய்து மணிலாவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். டிசம்பர் 26ல் ராணுவ விசாரணை. 30ஆம் தேதி காலை மரண தண்டனை.

29ஆம் தேதி முழுக்க சாந்தியாகோ கோட்டைச் சிறைக்கு இயேசு சபைக் குருக்கள் வந்து போனார்கள். அம்மாவும் சகோதரிகளும் வந்து விடைபெற்றார்கள். தங்கை திரினிதாதிடம் ஒரு சிறிய ஸ்பிரிட் அடுப்பைக் கொடுத்தார். அதற்குள் அவருடைய கடைசிக் கவிதை இருந்தது.

அன்றிரவு நடந்ததாக விசென்தே பலாகேர் என்ற குரு சொன்னது இது. பேராயர் அனுப்பிய நீளமான அறிக்கையை ரிசால் ஏற்கவில்லை. இயேசு சபைத் தலைவர் பியோ பி எழுதிய சிறிய அறிக்கையைச் சில மாற்றங்களோடு ஏற்று, நள்ளிரவுக்கு முன் கையெழுத்திட்டார். ஃப்ரீமேசன் தொடர்பையும், திருச்சபைக்கு எதிராகச் சொன்னதையும் எழுதியதையும் அதில் கைவிட்டார். பிறகு பாவசங்கீர்த்தனம், பூசை, நற்கருணை. விடிவதற்கு முன் ஜோசபினோடு கல்யாணம்.

வரிசையைக் கவனியுங்கள். அறிக்கை, பாவமன்னிப்பு, நற்கருணை, கல்யாணம். விதி சொல்லும் அதே வரிசை. மரணத் தறுவாயில் இருப்பவருக்கு எந்தக் குருவும் எந்தப் பாவத்தையும் மன்னிக்கலாம் என்பதால், மேலிடத்து அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் மனம் மாறியதற்கான அடையாளம் மட்டும் கட்டாயம் வேண்டும்.

காலை 7 மணியளவில் பாகும்பாயன் மைதானத்தில் ரிசால் சுடப்பட்டார்.

நம்புவோர் சொல்வது, மறுப்போர் சொல்வது

நம்புகிறவர்களிடம் ஆதாரங்கள் உண்டு. கையெழுத்திட்ட காகிதம் 1935 மே மாதம் மணிலா பேராயர் இல்ல ஆவணங்களில் கிடைத்தது. பலாகேர் 1917ல் சத்தியப் பிரமாணம் செய்து வாக்குமூலம் கொடுத்தார். அன்று காவலில் இருந்த ஸ்பெயின் உளவுப் பிரிவின் அறிக்கையும் ரிசால் ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டதையும், மரணத் தறுவாயில் நடந்த கல்யாணத்தையும் குறிப்பிடுகிறது. தாமஸ் கெம்பிஸின் புகழ்பெற்ற பக்தி நூலை, தமிழில் 'கிறிஸ்துநாதர் அநுசாரம்' என்று அறியப்படுவதை, ஜோசபினை மனைவி என்று குறித்து எழுதி, அன்றைய தேதியிட்டு ரிசால் பரிசளித்தார் என்பதும் அவர்கள் காட்டும் சான்று.

மறுப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் லேசானவை அல்ல. அந்தக் காகிதம் 39 ஆண்டுகள் எங்கே இருந்தது? குடும்பத்துக்கு ஏன் மூலத்தைக் காட்டவில்லை? கையெழுத்து ரிசாலுடையதுதானா என்று ரிகார்டோ பாஸ்குவால் என்ற அறிஞர் 1935லேயே புத்தகம் எழுதிச் சந்தேகம் கிளப்பினார். அதே உளவுப் பிரிவு அறிக்கையில் பலாகேரின் பெயரே இல்லை. மனம் திரும்பி நற்கருணை வாங்கிய கத்தோலிக்கரை, சவப்பெட்டிகூட இல்லாமல், பெயர் சொல்லாமல் பாகோ கல்லறையில் ஏன் புதைத்தார்கள்? சகோதரி நார்சிசா தேடி அலைந்துதான் இடத்தைக் கண்டுபிடித்தார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கி அடையாளக் கல் வைக்கச் செய்தார். கடைசிக் கவிதையிலும் ஜோசபினை மனைவி என்று ரிசால் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, கல்யாணப் பதிவேட்டில் அந்தக் கல்யாணம் இதுவரை கிடைக்கவில்லை.

இங்கேதான் கல்யாணம் முக்கியமாகிறது. ரிசால் அறிக்கையில் கையெழுத்திடவில்லை என்றால் அந்தக் கல்யாணம் நடந்திருக்க முடியாது. கல்யாணம் நடந்தது உண்மை என்றால் அவர் கையெழுத்திட்டிருக்கிறார். ரிசால் வளைந்துகொடுக்காத வீரராக இருக்க வேண்டும், ஜோசபின் முறையான மனைவியாகவும் இருக்க வேண்டும் என்று இரண்டையும் ஒன்றாகக் கேட்க விதி இடம் தருவதில்லை.

அதனால் இந்த விவாதம் வரலாற்று வகுப்போடு நிற்கவில்லை. 1956ல் ரிசாலின் இரு நாவல்களையும் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள். மத நம்பிக்கை காரணமாக விலக்குக் கேட்கலாம் என்ற பிரிவைச் சேர்த்த பிறகே அது நிறைவேறியது.

ஜோசபின் என்ன ஆனார்?

20 வயதில் தனியானார். சில காலம் புரட்சிக்காரர்களோடு இருந்து காயம்பட்டவர்களைக் கவனித்தார். பிறகு ஹாங்காங் திரும்பி, 1898ல் விசென்தே அபாத் என்பவரை மணந்தார். விதிப்படி அதற்குத் தடை இல்லை. கோயிலில் கல்யாணம் ஆகியிருந்தால் அவர் விதவை. ஆகாமலிருந்தால் கன்னிப்பெண் கணக்கு. 1902ல் காசநோயால் இறந்தார். வயது 25.

இன்று விதி எப்படி இருக்கிறது?

அடிப்படை அதேதான். 1983ல் வந்த திருச்சபைச் சட்டத்தின்படியும் குரு அல்லது திருத்தொண்டர் முன்னிலையில், இரு சாட்சிகளோடு நடக்கும் கல்யாணமே கத்தோலிக்கருக்குச் செல்லும். அதனால் ரிஜிஸ்டர் கல்யாணம் மட்டும் செய்த கத்தோலிக்கர் பாவமன்னிப்பும் நற்கருணையும் பெற முடியாத நிலையில் இருக்கிறார். ஆனால் பலர் நினைப்பது போல் அவர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர் அல்ல. பூசைக்குப் போகலாம், செபிக்கலாம், பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்கலாம்.

சரிசெய்ய வழியும் உண்டு. வேறு தடை இல்லையென்றால், பங்குத் தந்தையிடம் பேசி அந்தக் கல்யாணத்தைத் திருச்சபை முறைப்படி செல்லுபடியாக்கிக்கொள்ளலாம். துணைவர் வேறு மதத்தவர் என்றால் ஆயரிடம் விதிவிலக்கு வாங்க வேண்டும். துணைவர் மதம் மாற வேண்டிய அவசியம் இல்லை. முன்பே வாங்கினால், கோயிலுக்கு வெளியே நடக்கும் கல்யாணத்துக்கும் விதிவிலக்கு கிடைக்க வாய்ப்புண்டு.

விவாகரத்துக்குப் பின் மறுமணம் செய்தவர் விஷயம்தான் சிக்கல். அவர்கள் கணவன் மனைவியாக வாழாமல் இருந்தால்தான் நற்கருணை என்று 1981ல் போப் இரண்டாம் ஜான் பால் எழுதினார். 2016ல் போப் பிரான்சிஸ், ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், சிலருக்கு அருட்சாதனங்களின் உதவியும் கிடைக்கலாம் என்று வழி திறந்தார். எவ்வளவு திறந்தார் என்பதில் ஆயர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு.

ஃப்ரீமேசன் தடை இன்னும் நீடிக்கிறது. உறுப்பினர்கள் நற்கருணை வாங்கக் கூடாது என்று 1983ல் வத்திக்கான் மறுபடி சொன்னது. ஆனால் எர்போசாவுக்கு நடந்தது இன்று நடப்பது கடினம். வெளிப்படையான பாவ வாழ்க்கை வாழ்ந்தவர்கூட, சாவுக்கு முன் மனம் வருந்தியதற்கான ஏதாவது அடையாளம் காட்டியிருந்தால், கிறிஸ்தவ அடக்கம் மறுக்கக் கூடாது என்பதுதான் இப்போதைய சட்டம்.

பாகும்பாயன் மைதானம் இன்று ரிசால் பூங்கா. 1912ல் அவருடைய எலும்புகள் அங்கே மாற்றப்பட்டன. 1935ல் கிடைத்த காகிதம் திருச்சபையின் வசம் இருக்கிறது. கல்யாணப் பதிவு மட்டும் இல்லை. அது கிடைக்கும் வரை, ஜோசபினை மனைவி என்று எழுதினாலும் துணைவி என்று எழுதினாலும், எழுதுகிறவர் ரிசாலின் கடைசி இரவைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.